செட்டியாரின் நாடி

மூச்சு குட்டையாகியிருந்தது.

காலை ஏழு மணிக்குப் பணியேற்க வந்த சோணையம்மாள், நோயாளியின் முகத்தைக் காணும் முன்பே, அறையின் நிலைப்படியில் ஒரு காலை வைத்தபடி அதைச் செவியால் அறிந்தாள். உஸ்ஸென்று காற்று உட்புகும் ஓசை. டிக்கென்று அது அறுபடும் ஓசை. பிறகு பெருமூச்சைப் போல அது வெளியேறும் ஓசை. பதினாறு நாட்களாக இம்மூன்றும் அவளுடைய உறக்கத்தினுள்ளும் ஒலித்துக்கொண்டிருந்தன. நேற்று மாலை அவள் பணி முடித்துச் சென்றபோது அந்த உஸ்ஸின் நீளத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ண இடமிருந்தது. இன்று 'ஒன்று' என்பதன் கடைசி எழுத்து நாவை விட்டு அகலும் முன்பே டிக்கென்று அறுந்தது.

அந்த இயந்திரத்தின் இயல்பை அவள் நன்கு அறிவாள். குறித்த அழுத்தம் வரும்வரை அது காற்றை ஊட்டும். நெஞ்சு இளகி இடம் கொடுத்தால் நெடுநேரம் ஊட்டும். நெஞ்சு இறுகியிருந்தால் சட்டென்று நிறுத்திக்கொள்ளும். ஆதலின் சளி அடைத்திருக்க வேண்டும், அல்லது நுரையீரலில் நீர் கூடியிருக்க வேண்டும் என்று அவள் தனக்குள் கூறிக்கொண்டாள். இரண்டுக்கும் மருந்து உண்டு. இரண்டுக்கும் அவள் கைகள் பழகியவை.

அறை வழக்கத்தை விடக் குளிர்ந்திருந்தது. சித்திரை மாதத்துக் கொத்தமங்கலத்தில், முட்டை வெள்ளைக்கரு பூசி மெருகிட்ட சுவர்கூட விடிந்த இரண்டு நாழிகைக்குள் வெதுவெதுத்துவிடும். இங்கோ கட்டிலைச் சுற்றி நான்கு பித்தளை அண்டாக்களில் பனிக்கட்டிப் பாளங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றின் மீது தூவிய மரத்தூளின் ஈர வாசனையும், சன்னல்களில் தொங்கிய வெட்டிவேர்த் தட்டிகளின் வாசனையும், மருந்துச் சாராயத்தின் காரமும் ஒன்றாகக் கலந்து மூக்கை நெருடின.

"காரக்குடியில இருந்து அஞ்சு மணிக்கே ஐஸ் வந்துருச்சுக்கா," என்றாள் இரவுப் பணி பார்த்த நாகவல்லி. "குளுமையா இருந்தா இதயத்துக்கு வேலை குறையும்னு டாக்டர் சொன்னாக."

நாகவல்லி வாயாடி. பணி மாற்றும் வேளையில் அரை மணி நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேசாமல் அவள் போனதே இல்லை. இந்த மூச்சுப்பெட்டி ரெண்டு இட்லியும் ஊட்டிட்டா நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவாக என்று முந்தாநாள்கூடச் சொல்லிச் சிரித்தாள். இன்று அவள் குறிப்பேட்டை நீட்டியபோது கண்கள் தரையின் பூ ஓடுகளிலேயே நின்றன. குழாயில் சளி உறிஞ்சியாயிற்று, இனி உறிஞ்ச வேண்டாம் என்றாள். இரவில் மயக்க ஊசி போட்டிருப்பதால் விழிக்க மாட்டார் என்றாள். இதயம் தாங்காது என்பதால் இன்று நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டாம் என்பது டாக்டரின் ஆணை என்றாள். நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாயை எலி கடித்துவிட்டது என்றாள். இவ்வளவையும் ஒப்பிப்பவளைப் போல மூச்சு விடாமல் கூறிவிட்டு, வாசல் வரை சென்று நின்றாள்.

"என்ன, வல்லி?"

"ஒண்ணுமில்லக்கா. தூக்கம் வருது."

அவள் சென்ற பின் சோணையம்மாள் கட்டிலருகே வந்தாள்.

அழகுசுந்தரம் செட்டியாருக்கு வயது அறுபத்தொன்று. பினாங்கில் முப்பது ஆண்டு இருந்து திரும்பியவர். இதயச் செயலிழப்பு என்பது இதயம் ஒரே நாளில் நின்றுபோவதன்று. அது ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகத் தன் கடமையைத் தவறுவது. அவருக்கு முதலில் கால்கள் வீங்கின. பிறகு வயிறு வீங்கியது. பிறகு நுரையீரலுக்குள் நீர் ஏறி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே பல நாட்கள் உறங்கினார். இறுதியில் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, சிங்கப்பூரிலிருந்து தருவித்த இந்தச் சுவாச இயந்திரத்தோடு அவரைப் பிணைத்தார்கள். தலையணை அளவேயான பச்சைப் பெட்டி. அதைப் பிராணவாயு உருளை இயக்கியது. வீட்டார் அதனை மூச்சுப்பெட்டி என்றழைத்தனர். சமையற்கட்டுப் பெண்கள் அந்த அறைப் பக்கமே வருவதில்லை.

தொண்டையில் குழாய் இருந்தமையால் அவரால் பேச இயலாது. பலகையில் எழுதிக் காட்டுவார். நான்கு நாட்களுக்கு முன், அறிவு தெளிந்திருந்த ஒரு பிற்பகலில், அவர் சோணையம்மாளை அருகே அழைத்து, ஆடும் எழுத்தில் எழுதினார்: நான் போன பிறகு இது ஓடக் கூடாது. அவள் தலையசைத்தாள். அது அவருக்குப் போதவில்லை. கையை மலர்த்தி நீட்டினார். பிள்ளைகள் விளையாட்டில் கேட்பதைப் போல அந்த முதியவர் சத்தியம் கேட்டார். வீங்கிக் குளிர்ந்த அந்த உள்ளங்கையில் அவள் தன் கையை அடித்தாள். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் ஆழ்ந்து உறங்கினார்.

ஒருவர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்பதை அந்த இயந்திரம் அறியாது. இறந்த நெஞ்சுக்கும் அது காற்றை ஊட்டிக்கொண்டேயிருக்கும். அவர் அஞ்சியது அதனைத்தான்.

ஏழரை மணிக்கு டாக்டர் செம்மலை உள்ளே வந்தார். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினான்கு ஆண்டுகள் அவருக்குக் கீழே சோணையம்மாள் பணியாற்றியவள். மானகிரியில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்ணை வெள்ளுடை உடுத்தியவளாக ஆக்கியவர் அவர்தாம். ஆகவே அவர் எங்கு அழைப்பினும் அவள் செல்வாள். அவர் நோயாளியின் பக்கம் திரும்பவில்லை. முதலில் அவளுடைய வலக் கையைத்தான் பார்த்தார். முந்தைய மாலை மருந்துக் குப்பியின் கழுத்தை ஒடித்தபோது கண்ணாடி கிழித்து, ஆள்காட்டி விரலில் சிறு காயம் ஆகியிருந்தது.

"கையக் காட்டு சோணை."

"சின்னக் கீறல்தான் டாக்டர்."

"சீழ் வச்சா என்ன செய்வ?"

அவரே அமர்ந்து பழைய துணியை அவிழ்த்து, மருந்திட்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மோதிர விரலையும் ஒன்றாகச் சேர்த்துப் பஞ்சு வைத்துத் தடிமனாகக் கட்டினார். தலைமுடி நரைத்த அம்மனிதர் அவள் கையைத் தம் மகளின் கையைப் போல் ஏந்தியிருந்தார்.

"இப்ப நாடி பாரு," என்றார்.

இடக் கையில் சட்டைப்பைக் கடிகாரத்தை ஏந்திக்கொள்வது அவளது வழக்கம். வலக் கையில் கட்டுக்கு வெளியே இருந்தது கட்டைவிரல் ஒன்றே. அதனைச் செட்டியாரின் மணிக்கட்டில் பதித்தாள். தோல் பனி போலச் சில்லிட்டிருந்தது. முதலில் ஒன்றுமில்லை. சிறிது அழுத்தினாள். அதோ, வந்தது. மெல்லிய, ஆனால் தெளிவான துடிப்பு. ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு.

அவள் வியந்தாள். பதினாறு நாட்களாக அந்த நாடி தடுமாறும் நாடி. இரண்டு அடி ஓடும், ஒன்று தவறும், பிறகு மூன்று ஒன்றன்மேல் ஒன்று விழும். இன்றோ அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நடப்பதுபோல் ஒழுங்காக நடந்தது. மருந்து வேலை செய்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு நிமிர்ந்தாள். டாக்டர் அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்தாறு, டாக்டர். ஒண்ணுகூடத் தப்பல."

"எழுதிக் கையெழுத்துப் போடு," என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார்.

அன்று அவ்வீட்டில் பிள்ளை கூட்டும், அதாவது தத்தெடுக்கும், சடங்கு. அவர்களுடைய வழக்கப்படி மணமான ஒவ்வோர் ஆணின் குடும்பமும் அவர்களது கோயிலில் ஒரு புள்ளி. ஆண் வாரிசு இல்லையேல் அப்புள்ளி அழிந்துபோகும். செட்டியாருக்குப் பிள்ளை இல்லை. பங்காளி ஒருவரின் இரண்டாம் மகன் மெய்யநாதனைக் கூட்டிக்கொள்வது என்று தை மாதமே முடிவாயிற்று. இருபத்திரண்டு வயது இளைஞன். கல்லூரியில் படிப்பை முடித்தவன். அவனைப் பெற்றவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: உயிரோடிருக்கும் தகப்பன் தன் கையால் மஞ்சள் நீர் கொடுக்க வேண்டும், கொள்ளி வைப்பதற்காக மட்டும் தம் பிள்ளையைத் தரமாட்டார். குறித்த நேரம் பதினொன்றரை.

ஒன்பது மணிக்குப் பங்காளிகளில் மூத்தவர் அறைக்குள் வந்தார். பின்னால் செட்டியாரின் மனைவி ஆச்சி நின்றார். புதிய பட்டு, தலை நிறையப் பூ, நெற்றியில் அகலமான குங்குமம். மூத்தவர் கட்டிலையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மார்பு உஸ்ஸென்று எழுந்தது, டிக்கென்று நின்றது, இறங்கியது.

"ஆத்தா, நீங்க வெளி ஆளு," என்று அவர் சோணையம்மாளிடம் கூறினார். "எங்க வீட்டுக் காரியத்துல உங்களுக்கு வேண்டியவுகளும் இல்ல, வேண்டாதவுகளும் இல்ல. டாக்டரு ஆச்சிக்குச் சொந்தம் மாதிரி. அதனால உங்களத்தான் கேக்குறேன். நீங்க சொன்னாத்தான் மஞ்சத்தண்ணி கரைப்போம். உசுரு இருக்கா?"

அவள் கடிகாரத்தை இடக் கையில் ஏந்தினாள். கட்டைவிரலை வைத்தாள். முழு நிமிடம் எண்ணினாள். மூத்தவரும் ஆச்சியும் அவளுக்காக மூச்சடக்கி நின்றது அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது.

"இருக்கு," என்றாள்.

ஆச்சியின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. மகிழ்ச்சி என்றே அவள் எண்ணினாள்.

அவர்கள் சென்ற பின் அவள் தன் கடமைகளைத் தொடங்கினாள். வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். எலுமிச்சை நீரில் தோய்த்த துணியுடன் தாடையைத் திறந்தாள். திறக்கவில்லை. கட்டைவிரலால் கீழே தள்ளினாள். கதவுத் தாழ் போட்டதைப் போல் அது இறுகிக் கிடந்தது. மயக்க ஊசியில் சிலருக்குப் பல் கிட்டும் என்று அவள் தேறிக்கொண்டாள். கண்களின் மேல் ஈரத் துணி ஒட்டியிருந்தது. கண்கள் உலராதிருக்க அவள்தான் அவ்வாறு செய்யச் சொல்லியிருந்தாள். அதை எடுக்க நீண்ட கை ஏனோ பாதியில் நின்றது. மாறாகக் கால்மாட்டுக்குச் சென்றாள். பாதங்கள் ஊதா நிறமாகப் புள்ளி விட்டிருந்தன. ரத்தம் கடைக்கோடி வரை எட்டாதபோது அப்படித்தான் ஆகும். இதயம் தளர்ந்தவரின் பாதம் குளிரும். நகம் நீலம் பாரிக்கும். எல்லாம் நூலில் எழுதியிருப்பதே.

எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. விடைகள் இவ்வளவு இருந்ததே அவளை அச்சுறுத்தத் தொடங்கியது.

கட்டிலடியில் சிறுநீர்ப் புட்டி தொங்கியது. நேற்று மாலை அவள் அளவு குறித்து ஒட்டிய காகிதக் கோட்டுக்கு மேல் விரற்கடை அளவே ஏறியிருந்தது. வெளியே, தூண்கள் சூழ்ந்த உள்முற்றமான வளவில், நாதசுரக்காரர் சீவாளியைச் சரிபார்க்கும் ஓசை கேட்டது. பாத்திரங்கள் உருண்டன. யாரோ சிரித்தார்கள். அச்சிரிப்பு தடித்த தேக்குக் கதவைத் தாண்டி வரும்போது அடியில் நீர் நிரம்பிய கிணற்றிலிருந்து வருவதைப் போலிருந்தது.

டாக்டர் வேண்டாம் என்றிருந்தும் அவள் சளி உறிஞ்சும் மெல்லிய குழாயை எடுத்தாள். அது தொண்டைக் குழாய் வழியாகக் கீழே இறங்கும்போதெல்லாம் செட்டியார் துள்ளுவார். முகம் சிவந்து, இருமி, அவள் முன்கையைப் பற்றிக்கொள்வார். அவருக்கு வலிக்கும் என்று அவள் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்பாள். இன்றும் கேட்டாள். குழாய் இறங்கியது. இன்னும் இறங்கியது. எங்கும் தட்டவில்லை. எவரும் இருமவில்லை.

உஸ். டிக்.

உஸ். டிக்.

அண்டா ஒன்றில் பனி உருகி நீர் வழிந்தோடியது. புதிய பாளம் கொண்டுவர ஆளை அழைத்தாள். சடங்கு வேலையில் எவரும் வரவில்லை. அவளே இரண்டாம் கட்டுக்கு ஓடி, சாக்குச் சுற்றிய பாளத்தை இடுப்பில் ஏந்தி, மூச்சிரைக்கத் திரும்பினாள். பதினொரு மணி நாடியை எழுத வேண்டும். கட்டைவிரலை வைத்தாள். நூற்றிருபத்திரண்டு. திடுக்கிட்டாள். நாற்காலியில் அமர்ந்து, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் எண்ணினாள். எண்பத்தெட்டு.

அவள் ஓடியபோது அவருடைய நாடியும் ஓடியிருந்தது. அவள் அமர்ந்ததும் அதுவும் அமர்ந்தது.

சோணையம்மாள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு, வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல் கூறக் கூற, அவ்விரலைக் கட்டிலின் தேக்குக் காலில் வைத்து அழுத்தினாள்.

மரம் துடித்தது.

அண்டாவின் பித்தளை விளிம்பில் வைத்தாள். பித்தளையும் துடித்தது. சுவரில் வைத்தாள். சுவரும். எண்பத்தெட்டு, ஒன்றும் தப்பாமல்.

கட்டைவிரலுக்குச் சொந்த நாடி உண்டு. ஆதலின் அதனால் பிறர் நாடியைப் பார்க்கலாகாது. தாதியர் பள்ளியின் முதல் வாரத்துப் பாடம் அது. அதனை மறந்த ஒரு நாளில் அவளது விரல் முட்டியில் அளவுகோலால் அடித்து, நீ எண்ணுறது உன் உசுர, நோயாளி உசுர இல்ல என்று கற்பித்தவர் டாக்டர் செம்மலை. இன்று காலை அவ்விரலைத் தவிர மற்ற மூன்றையும் பஞ்சில் பொதிந்து கட்டியவரும் அவரே.

கடிகாரத்தைக் கீழே வைத்தாள். இடக் கையின் மூன்று விரல்களைச் செட்டியாரின் மணிக்கட்டில் வைத்தாள். ஒன்றுமில்லை. கழுத்தில் வைத்தாள். ஒன்றுமில்லை. மார்பு மட்டும் எழுந்தது, இறங்கியது, யாருக்கும் சொந்தமில்லாத மூச்சில்.

டாக்டர் வளவின் ஓரத்து அறையில் இருந்தார். ஆச்சியும் அங்கிருந்தார். கட்டிய கையை அவள் இருவர் முன்னும் நீட்டினாள். ஏன் என்று கேட்டாள். டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். விடியற்காலை நாலு பத்துக்கு முடிந்துவிட்டது என்றார். நாகவல்லிக்குத் தெரியும் என்றார். குரலில் நடுக்கம் இல்லை. மருந்தளவு கூறுபவரைப் போலக் கூறினார்.

"நீ பொய் சொல்ல மாட்ட, சோணை. பதினாலு வருசமா எனக்குத் தெரியும். அதனாலதான் உங்கிட்டச் சொல்லல. நாங்க சொன்னா எவனும் நம்ப மாட்டான். நீ நம்பிச் சொல்லணும். சொல்லிட்ட."

அவளுடைய நேர்மையை அவர் அறிந்திருந்தார். அறிந்ததனாலேயே அதனை ஒரு கருவியாக எடுத்துப் பயன்படுத்தியிருந்தார். அடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அந்தக் கட்டினைக் கட்டும்போது அவர் காட்டிய பரிவைத்தான் அவளால் தாங்க இயலவில்லை.

ஆச்சி பூவைச் சரிசெய்துகொண்டார். "பன்னெண்டு மணிக்கு மேல நானும் அழணும், நர்சம்மா," என்றார். "விடிஞ்சதுல இருந்து என்னைய அழ விடாம வச்சிருக்காக. இன்னும் ஒரு மணி நேரம். உங்களக் கும்புட்டுக்கிறேன்."

சோணையம்மாள் திரும்பி நடந்தாள். அவர்கள் தடுக்கவில்லை. சொன்ன சொல்லை அவள் எவ்வாறு மாற்றிச் சொல்வாள் என்ற துணிவு அவர்களுக்கு. ஆனால் அவள் மனத்தில் இருந்தது பங்காளிகளுக்குச் சொன்ன சொல் அன்று; செட்டியாரின் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்த சொல். ஏழு மணி நேரமாக அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நான்கு மணி நேரம் அவள் பக்கத்திலேயே அமர்ந்து, அதற்குக் காவலிருந்து, மணிக்கொரு முறை கையெழுத்திட்டிருக்கிறாள்.

அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். ஐயா, என்னைய மன்னிச்சிருங்க என்று முணுமுணுத்தாள். பிராணவாயு உருளையின் தலையில் இருந்த திருகைப் பற்றி, வலமாகத் திருகினாள். கட்டிய விரல்கள் வழுக்கின. இரு கைகளாலும் திருகினாள்.

உஸ்... என்று தொடங்கிய ஓசை பாதியில் சோர்ந்து, இளைத்து, மறைந்தது.

அமைதி. பதினாறு நாட்களில் முதல் அமைதி. வெட்டிவேர்த் தட்டியிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. மரத்தூள் நனைவதுகூடக் கேட்பது போலிருந்தது. இறங்கிய மார்பு இறங்கியபடியே கிடந்தது. அவள் தொண்டைக் குழாயிலிருந்து ரப்பர்க் குழாயைக் கழற்றி, போர்வையை மேலே இழுத்துவிட்டு, நெடுநேரத்துக்குப் பிறகு ஆழ்ந்து ஒரு மூச்சை இழுத்து விட்டாள்.

அவள் விட்டபோது அவர் மார்பு எழுந்தது.

அவள் பெட்டியைப் பார்த்தாள். அதன் முள் சுழியத்தில் நின்றது. ரப்பர்க் குழாய் தரையில் கிடந்தது. தொண்டைத் துளையின் விளிம்பில் போர்வையின் நூலிழை ஒன்று உள்நோக்கி வளைந்து நின்றது.

மூச்சை உள்ளிழுக்க முயன்றாள். வரவில்லை. வாய் திறந்திருந்தது; மூக்கு திறந்திருந்தது; காற்று அறை முழுதும் இருந்தது; அது அவளுக்குள் வரவில்லை. போர்வைக்கு அடியில் மார்பு மெல்லத் தாழ்ந்தது. தாழத் தாழ அவளுக்குக் காற்று வந்தது.

கதவு பன்னிரண்டு அடி தூரம்.

மூன்றடி வைத்தாள். மார்பு எழுந்தது. அவளிடமிருந்த காற்று முழுதும் வாய் வழியே உருவப்பட்டது. சுவரைப் பற்றினாள். குளிர்ந்த, வழவழத்த சுவர். பிடிமானம் இல்லை.

தாழ்ந்தது. வந்தது.

எழுந்தது. போனது.

ஒவ்வொரு முறையும் சற்று நீளமாக. தாளக் கட்டோடு. இழுக்கப் பழகுபவரைப் போல.

கதவு திறந்தது. வெளிச்சமும், சந்தன வாசனையும், நாதசுர ஓசையும் ஒருங்கே உள்ளே வந்தன. மூத்தவர் முன்னால், அவருக்குப் பின் வெள்ளிக் கிண்ணத்தில் மஞ்சள் நீருடன் ஆச்சி, மாலையணிந்த மெய்யநாதன், அவனைப் பெற்றவர், கடைசியில் டாக்டர். செட்டியாரின் கையை டாக்டர் பிடித்துக் கிண்ணத்தைச் சாய்ப்பதாக ஏற்பாடு. ஆகவே டாக்டர் முந்திக்கொண்டு கட்டிலை நெருங்கினார். நெருங்கியவர் பெட்டி ஓடவில்லை என்பதைக் கண்டார். பிறகு மார்பைக் கண்டார்.

"பெட்டிய நிறுத்தியாச்சா?" என்றார் மூத்தவர். குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அட, தானா மூச்சு விடுறாகப்பா. நல்லாத்தான இருக்காக."

அவுக போயிட்டாக என்று சோணையம்மாள் சொல்ல நினைத்தாள். இரண்டே சொற்கள். அதற்கு ஒரு வாய்க் காற்று போதும். அவள் உதடுகள் அசைந்தன. மீனைப் போல் அசைந்தன. ஓசை எழவில்லை. அவளிடமிருந்த காற்று கட்டிலில் இருந்தது.

"நர்சம்மாவுக்குச் சந்தோசத்துல பேச்சு வரல," என்றார் மெய்யநாதனைப் பெற்றவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதன் பிறகு எவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் மட்டும் திரும்பினார். அவளுடைய நீலம் பாரித்த உதடுகளைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். எழுவதையும் தாழ்வதையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. கட்டிலிலிருந்து ஓரடி பின்வாங்கினார். பிறகு இன்னோர் அடி. ஆச்சியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மெய்யநாதன் மண்டியிட்டு இரு கைகளையும் ஏந்தினான். ஆச்சி கிண்ணத்தைக் கணவரின் விரல்களருகே கொண்டுசென்றார்.

எவரும் தொடாமல் அந்தக் கை எழுந்தது.

விறைத்த கை. முழங்கையில் மடங்காமல், தோளிலிருந்து ஒரு மரத்தைப் போல எழுந்தது. நீல நகங்கள் வெள்ளியில் கிணுக்கென்று உரசின. கிண்ணம் சாய்ந்தது. மெய்யநாதன் குடித்தான். ஒரு மிடறு, இரண்டு மிடறு, மூன்று. மஞ்சள் நீர் அவன் மோவாயில் வழிந்தது. மூத்தவர் கைகூப்பினார். ஆச்சி அலறவில்லை. அலறக் கூடாது என்று விடியற்காலையிலிருந்து பழகியிருந்தார்.

வெளியே வளவில் சங்கு ஊதினார்கள். நீண்ட, அறாத முழக்கம்.

அம்முழக்கத்தில் செட்டியாரின் மார்பு எழத் தொடங்கியது. சுவரோரம் சோணையம்மாள் சரிந்தாள். போர்வை எழுந்தது. மேலும் எழுந்தது. எந்த இயந்திரமும் ஊட்டாத அளவுக்கு, விலா எலும்புகள் துணிக்கு மேல் தெரியும் அளவுக்கு எழுந்தது. தலையணையில் தலை ஒருமுறை அசைந்தது. கண்களின் மேலிருந்த ஈரத் துணி நழுவி விழுந்தது. உலர்ந்து சுருங்கிய, பால் படர்ந்த இரு விழிகள் கட்டிலருகே மண்டியிட்டிருந்த மகனைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்க்கவில்லை. சுவரோரத்தைப் பார்த்தன. அவளைப் பார்த்தன.

சங்கு ஊதியவன் மூச்சு முடிந்து நிறுத்தினான்.

எழுந்த மார்பு எழுந்தபடியே நின்றது. தாழவில்லை.